உர் நகரம்: சுமேரியத் தலைநகர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உர் என்றதும் தங்க இலைகள் தொங்கும் தலையணியும் காளைத்தலை வைத்த யாழும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். கேள்விகளும் பெரும்பாலும் அந்தப் புதையலைச் சுற்றியே வருகின்றன. என்னைக் கேட்டால் அங்கே கிடைத்த பெரிய செல்வம் தங்கம் இல்லை. எந்தப் பொருள் எந்த இடத்தில், எதன் பக்கத்தில், எந்த நிலையில் கிடந்தது என்று எழுதி வைத்த குறிப்புதான். அது இல்லாமல் போயிருந்தால் உர் இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் நகைகள், அவ்வளவுதான்.

உர் எங்கே இருக்கிறது?

தெற்கு ஈராக்கில், நசிரியா நகருக்குத் தென்மேற்கே சுமார் 16 கிலோமீட்டர் தூரத்தில். அந்த மேட்டின் இன்றைய பெயர் தல் அல்-முகய்யர். தமிழ் விவிலியத்தில் கல்தேயரின் 'ஊர்' என்று வருவதும் இந்த இடமே என்பது பரவலான கருத்து.

இப்போது சுற்றிலும் வறண்ட சமவெளி. அந்தக் காலத்தில் யூப்ரடீஸ் ஆறு நகரத்தை ஒட்டி ஓடியது. பாரசீக வளைகுடாவின் கரையும் இன்றைக்கு இருப்பதைவிட மிக அருகில் இருந்தது. மதிலுக்குள் வடக்கே ஒரு துறை, மேற்கே ஒரு துறை என்று இரண்டு படகுத்துறைகள் இருந்தன. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த மண்ணில் களிமண்ணும் நாணலும் பேரீச்சையும் தாராளமாகக் கிடைக்கும். நல்ல மரம், கல், செம்பு, தங்கம் எதுவும் கிடையாது. அவையெல்லாம் வெளியிலிருந்து, பெரும்பாலும் படகில்தான் வந்தாக வேண்டும்.

எவ்வளவு பழமையான நகரம்?

கி.மு. 5000-ஐ ஒட்டிய உபைத் காலத்திலேயே அங்கே மக்கள் குடியிருந்தார்கள். அரச கல்லறைகள் கி.மு. 2600-ஐ ஒட்டியவை. கி.மு. 2112-ஐ ஒட்டி உர்-நம்மு என்ற அரசன் தொடங்கிய வம்சத்தின் கீழ், சுமார் நூறு ஆண்டுகளுக்கு இது ஒரு பேரரசின் தலைநகர். கடைசியாக கி.மு. 4-ஆம் நூற்றாண்டு வாக்கில் நகரம் அடங்கிப் போனது. ஆக, 4,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாழ்க்கை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த மேடு அது.

என்ன மொழி பேசினார்கள்?

சுமேரியம், அப்புறம் அக்காதியம். சுமேரியம் இதுவரை அறியப்பட்ட எந்த மொழிக் குடும்பத்தோடும் சேராத தனிமொழி. அக்காதியம் அரபு, எபிரேயம் போன்றவற்றின் உறவுக்காரி. இரண்டையுமே ஈரக் களிமண்ணில் நாணல் முனையால் அழுத்தி, ஆப்பெழுத்தில் எழுதினார்கள்.

இதுதான் உர் என்று எப்படித் தெரிந்தது?

1625-இல் பியத்ரோ டெல்லா வாலே என்ற இத்தாலியப் பயணி இந்த மேட்டைப் பார்த்துவிட்டு, எழுத்துப் பொறித்த செங்கற்களைக் குறித்து வைத்தார். அதைப் படிக்க அப்போது யாராலும் முடியாது. 1850-களில் பஸ்ராவில் பிரிட்டிஷ் துணைத் தூதராக இருந்த ஜான் ஜார்ஜ் டெய்லர் அங்கே தோண்டினார். கோயில் மேடையின் மூலைகளில் களிமண் உருளைகள் புதைத்து வைக்கப்பட்டிருந்தன. பாபிலோனின் கடைசி அரசன் நபோனிடஸ், தான் அந்த மேடையைப் பழுதுபார்த்ததை அவற்றில் எழுதி வைத்திருந்தான். அந்த எழுத்தைப் படித்தபோதுதான் மேட்டுக்குப் பெயர் கிடைத்தது.

வூலி யார்? தங்கம் இருப்பது தெரிந்தும் கல்லறையை ஏன் நான்கு ஆண்டுகள் தொடவில்லை?

லெனார்டு வூலி பிரிட்டிஷ் தொல்லியலாளர். பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகமும் சேர்ந்து நடத்திய அகழாய்வுக்கு 1922 முதல் 1934 வரை, 12 பருவங்கள் தலைமை தாங்கினார்.

முதல் பருவத்திலேயே ஒரு சோதனைக் குழியில் தங்க மணிகள் தலைகாட்டின. அங்கேயே ஆழமாகத் தோண்டச் சொல்ல யாருக்கும் கை துறுதுறுக்கும். வூலி நிறுத்திவிட்டார். காரணம் இரண்டு. தொழிலாளர்களுக்கு இன்னும் நுணுக்கமான வேலை பழகவில்லை. அவருக்கே அந்த மண்ணின் பானை ஓடுகளை வைத்துக் காலம் சொல்லத் தெரியவில்லை. கிடைத்த மணிகளில் சில ஆட்களின் கைவழியே வெளியே போய்க்கொண்டிருந்தன. நகைக்கடையில் கிடைப்பதைவிட அதிகம் தருகிறேன் என்று வூலி அறிவித்தார். விற்றுவிட்டுப் போன மணிகளையே தொழிலாளர்கள் கடையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு நகரத்தின் வேறு பகுதிகளில் வேலை செய்து, மேஸ்திரி ஹமூதியின் கீழ் ஆட்கள் கைதேர்ந்தவர்களான பின், 1926-இல்தான் கல்லறைப் பக்கம் திரும்பினார்.

வூலியின் முடிவுகள் பலவற்றோடு இன்றைய ஆய்வாளர்கள் உடன்படுவதில்லை. ஆனால் இந்த ஒரு பொறுமைக்காக அவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். அவசரப்பட்டிருந்தால் தங்கம் கிடைத்திருக்கும், கல்லறை போயிருக்கும்.

அரச கல்லறையில் என்ன இருந்தது?

மொத்தம் சுமார் 1,850 புதைகுழிகள். பெரும்பாலானவை சாதாரணமானவை: பாயில் சுற்றிய உடல், சில பானைகள், கையருகே ஒரு கிண்ணம். இவற்றில் 16 குழிகளை மட்டும் வூலி 'அரச' கல்லறைகள் என்றார். கல்லாலோ செங்கல்லாலோ கட்டிய அறை, அறைக்குள் முக்கியமான ஒருவர், வெளியே குழியில் அவரோடு இறந்த பரிவாரம் என்ற அமைப்பு அவற்றில் இருந்தது.

புவாபி அரசியா?

புவாபி அந்த அரச கல்லறைகளில் ஒன்றில் கிடந்த பெண். அவருடைய உருளை முத்திரையில் பெயரும் 'நின்' என்ற பட்டமும் இருக்கின்றன. அரசி, பெருமாட்டி என்று அதைக் கொள்ளலாம். கணவர் பெயர் அதில் இல்லை. ஒரு பெண் தன் பெயராலேயே நிற்கிறார். இன்னாருடைய மனைவி என்ற அடையாளத்தை வலிந்து தேட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

உயரம் ஐந்து அடிக்கும் குறைவு, வயது சுமார் நாற்பது. தலையில் தங்க நாடாக்கள், இலைச்சரங்கள், பின்னால் பூக்கள் நிற்கும் சீப்பு. மேலுடம்பு முழுக்க தங்கம், சூதுபவளம், லாபிஸ் லசூலி என்ற ஆழ்ந்த நீலக்கல் ஆகியவற்றாலான மணிகள். 1928 ஜனவரியில் வூலி இந்தச் செய்தியை லத்தீன் மொழியில் தந்தியாக அனுப்பினார். வழியில் யாரும் படித்துவிடக் கூடாதே! அந்தத் தந்தியில் அரசியின் பெயர் ஷுபாத் என்று இருக்கும். பழைய புத்தகங்களிலும் அப்படியே. அதே ஆள்தான், ஆப்பெழுத்தைப் படித்த விதம் பிறகு திருத்தப்பட்டது.

அரசரோடு மற்றவர்களை உயிரோடு புதைத்தார்களா?

வூலி 'பெரும் சாவுக்குழி' என்று பெயர் வைத்த 1237-ஆம் எண் குழியில் 74 உடல்கள் இருந்தன. 6 ஆண்கள், 68 பெண்கள். ஆண்கள் வாசலருகே, பெண்கள் வரிசை வரிசையாக, நகை அணிந்த கோலத்தில். போராடிய அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் கிண்ணங்கள் இருந்ததால், நஞ்சைக் குடித்துவிட்டு அமைதியாகப் படுத்துக்கொண்டார்கள் என்று வூலி நம்பினார். படிக்க அழகான முடிவு.

பிறகு பென்சில்வேனியாவில் இருந்த இரண்டு மண்டையோடுகளை, ஒன்று பெண், ஒன்று படைவீரர், சி.டி. ஸ்கேன் செய்து பார்த்தார்கள். இரண்டிலும் தலையில் கனமான கருவியால் அடித்த ஓட்டை இருந்தது. உடல்கள் சூடாக்கப்பட்டதற்கும் பாதரசம் சேர்ந்த பொருளால் பதப்படுத்தப்பட்டதற்கும் தடயங்கள் கிடைத்தன. அதாவது, கொன்று, கெடாமல் காத்து, உடுத்தி, அலங்கரித்து, வரிசையில் கிடத்தியிருக்கிறார்கள். 'விரும்பிப் போனார்கள்' என்று நான் இனி எழுத மாட்டேன். 74 பேரையும் சோதிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் அந்த அமைதி ஏற்பாடு செய்யப்பட்ட அமைதி என்றே தோன்றுகிறது.

அந்தக் குழியில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மற்றப் பெண்கள் பலர் தலையில் வெள்ளி அல்லது தங்க நாடா சுற்றியிருந்தார்கள். இவர் தலையில் எதுவும் இல்லை. இடுப்பருகே மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு சிறிய வட்டு கிடந்தது. சுத்தம் செய்து பார்த்தால், இறுக்கமாகச் சுருட்டிய வெள்ளி நாடா. அரிக்கப்படாமல் சுருள் சுருளாக அப்படியே இருந்தது. சடங்குக்கு நேரமாகிவிட்டதால் தலையில் சுற்றிக்கொள்ளாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்திருப்பார் என்று வூலி எழுதினார். தாமதம் என்பது ஊகம். வெள்ளிச் சுருள் தலையில் இல்லாமல் இடுப்பில் இருந்தது உண்மை. அதை எடுத்து 'வெள்ளிப் பொருட்கள்' என்ற பெட்டியில் போட்டிருந்தால் அந்தப் பெண் நமக்குத் தெரியாமலே போயிருப்பார்.

மரம் மட்கிப்போன பிறகு யாழை எப்படி மீட்டார்கள்?

மண்ணில் ஓர் ஓட்டை தெரிந்தால் அது வெறும் ஓட்டை இல்லை, ஏதோ இருந்த இடம் என்று புரிந்துகொண்டதால். மரம் மட்கிய பின் மண் அதன் வடிவத்தைப் பிடித்து வைத்திருந்தது. வூலி அந்த ஓட்டைக்குள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கரைத்து ஊற்றினார். அது இறுகிய பிறகு சுற்றியிருந்த மண்ணை எடுத்தால் யாழின் சட்டம் நின்றது. சில்லுகள் பதித்து இழைத்த பொருட்களுக்கு வேறு வழி: உருக்கிய மெழுகை மேலே ஊற்றி, துணியை ஒட்டி, சில்லுகள் இடம் மாறாமல் பாளமாகத் தூக்கினார்கள். ஒரு பக்கம் போரும் மறு பக்கம் விருந்தும் காட்டும் 'உர் பதாகை' அப்படித்தான் மீண்டது. அது பதாகையா, இசைக்கருவியின் பெட்டியா என்பது இன்னும் தீராத வழக்கு.

சிந்துவெளியோடு தொடர்பு இருந்ததா?

இருந்தது, கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய அளவுக்கு. கல்லறைகளில் கிடைத்த நீண்ட சூதுபவள மணிகளும், வெள்ளைக் கோடுகள் வரைந்து சுட்ட சூதுபவள மணிகளும் சிந்துவெளிக் கைவண்ணம். கல்லும் குஜராத் பக்கத்தது. இரண்டு மூன்று அங்குல நீளச் சூதுபவளத்தில் மெல்லிய துளை போடுவது லேசான காரியம் இல்லை. அதற்கென்று தனியான கடினக்கல் துளைப்பான்களைச் சிந்துவெளியில் செய்து வைத்திருந்தார்கள். ஒரு மணிக்கே பல நாள் வேலை.

சிந்துவெளிப் பாணி முத்திரைகளும் உரில் கிடைத்தன. 1932-இல் கேட் என்ற அறிஞர் அவற்றைத் தொகுத்து வெளியிட்டார். அக்காதிய அரசன் சர்கோன், மெலுகா, மகன், தில்முன் நாடுகளின் கப்பல்கள் தன் துறையில் நின்றதாகப் பெருமையடித்துக்கொள்கிறான். தில்முன் என்பது பஹ்ரைன் பகுதி, மகன் என்பது ஓமன் பகுதி, மெலுகா என்பது சிந்துவெளி என்று பெரும்பாலானோர் ஏற்கிறார்கள். நீலக்கல் ஆப்கானிஸ்தானின் படக்ஷான் மலைகளிலிருந்து வந்தது. புவாபியின் மார்பில் கிடந்த மணிச்சரமே அன்றைய வணிகத்தின் வரைபடம்.

அந்தப் பெரிய செங்கல் மேடை என்ன?

சிகுராத். நிலாக் கடவுள் நன்னாவின் கோயிலுக்காக உர்-நம்மு தொடங்கி, மகன் ஷுல்கி முடித்த படிமேடை. அடித்தளம் சுமார் 62 மீட்டருக்கு 43 மீட்டர். உள்ளே பச்சைச் செங்கல், வெளியே இரண்டு மீட்டருக்கும் அதிகத் தடிமனில் சுட்ட செங்கல், இடையில் சாந்தாக நிலக்கீல். பச்சைச் செங்கல் ஈரம் இழுத்து உப்பிவிடும் என்பதால் வெளிச்சுவரில் வரிசையாகச் சிறு துவாரங்கள் விட்டிருக்கிறார்கள். மூன்று படிக்கட்டுகள் மேலே ஒரே வாசலில் கூடுகின்றன. செங்கற்களில் அரசன் பெயர் அச்சாகக் குத்தியிருக்கும். ஒன்று கவனியுங்கள்: இன்று படங்களில் பளிச்சென்று தெரியும் முகப்பும் படிக்கட்டும் 20-ஆம் நூற்றாண்டில் ஈராக் அரசு புதுப்பித்தவை. மேலே உருக்குலைந்து நிற்பதுதான் பழையது.

உர்-நம்முவின் சட்டம் ஹம்முராபிக்கும் முந்தியதா?

ஆம், 'கண்ணுக்குக் கண்' சட்டத்தால் பெயர்பெற்ற பாபிலோன் அரசன் ஹம்முராபிக்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் முந்தியது. இதுவரை கிடைத்த சட்டத் தொகுப்புகளில் இதுவே மூத்தது. கண்ணுக்குக் கண் என்ற கணக்கு இதில் இல்லை. ஒருவன் இன்னொருவனின் எலும்பை உடைத்தால் ஒரு மினா, அதாவது சுமார் அரைக் கிலோ வெள்ளி அபராதம். கொலைக்கு மரண தண்டனை உண்டு. பிற்காலச் சட்டம் முற்காலத்தைவிடக் கனிவாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோமே, அந்த நினைப்பு இங்கே நிற்காது.

சாதாரண மக்களைப் பற்றி எதுவும் தெரியாதா?

நிறையத் தெரியும். என்னை மிகவும் இழுப்பதும் அந்தப் பகுதிதான். கி.மு. 1800-ஐ ஒட்டிய குடியிருப்புத் தெருக்களை வூலி திறந்தார். வளைந்து நெளியும் சந்துகள், நடுமுற்றம் வைத்த வீடுகள், தெரு முனையில் சின்னக் கோயில். இறந்தவர்களைப் பெரும்பாலும் வீட்டுத் தரைக்கு அடியிலேயே புதைத்தார்கள். மாணவர்கள் எழுதிப் பழகிய களிமண் பலகைகளும் கிடைத்தன.

ஒரு வீட்டில் செம்பு வியாபாரி ஏஆ-நாசிர் இருந்தார். தில்முனிலிருந்து செம்பு வாங்கி வந்து விற்பவர். அவருக்கு நன்னி என்பவர் எழுதிய புகார்க் கடிதம் இப்போது லண்டனில் இருக்கிறது. உள்ளங்கையளவு களிமண் பலகை, இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியது. நல்ல செம்பு தருவதாகச் சொல்லிவிட்டு மட்டமானதைக் காட்டினாய். 'வேண்டுமானால் எடு, வேண்டாவிட்டால் போ' என்றாய். என் ஆட்கள் பகை நாட்டு வழியாக வெறுங்கையோடு திரும்பினார்கள். இனி என் முற்றத்தில் வைத்து நானே பார்த்துத்தான் பொறுக்குவேன் என்று பொரிந்து தள்ளுகிறார் நன்னி. இணையத்தில் இந்தக் கடிதம் சிரிப்புக்காகச் சுற்றுகிறது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. இரண்டு தனி ஆட்கள் கடல் தாண்டிய சரக்குக்கு முன்பணம் கொடுத்து, தரம் பேசி, கணக்கு கேட்டிருக்கிறார்கள். அரச கல்லறை சொல்லாத உர் இது.

எழுதியவர் பெயர் தெரிந்த உலகின் முதல் கவிஞர் உரில் இருந்தவரா?

எனஹெதுவன்னா. சர்கோனின் மகள், கி.மு. 2300-ஐ ஒட்டி உரில் நன்னாவின் தலைமைப் பூசாரி. அவர் உருவமும் பெயரும் உள்ள கல்வட்டு உடைந்த துண்டுகளாக அங்கே கிடைத்தது. ஆக, அவர் வாழ்ந்தவர் என்பதில் ஐயமில்லை. இனன்னா தேவிமேல் அவர் பாடியதாகச் சொல்லப்படும் பாடல்களின் படிகள் பல நூற்றாண்டு பிந்தியவை என்பதால், அவரே எழுதினாரா என்ற விவாதம் தொடர்கிறது.

உலகின் முதல் அருங்காட்சியகமும் உரில்தானா?

நபோனிடஸின் மகள் என்னிகல்டி-நன்னாவும் இங்கே பூசாரியாக இருந்தார், கி.மு. 6-ஆம் நூற்றாண்டில். அவர் காலத்துக் கட்டடத்தின் ஓர் அறையில், ஒன்றுக்கொன்று நூற்றுக்கணக்கான ஆண்டு வித்தியாசமுள்ள பழம்பொருட்கள் சேர்ந்து கிடந்தன. பழைய செங்கல் எழுத்தைப் படியெடுத்த களிமண் உருளையும் கூடவே இருந்தது. விளக்கச் சீட்டு வைத்த அருங்காட்சியகம் என்று வூலி முடிவு கட்டினார். எல்லோரும் ஏற்கவில்லை. பழம்பொருளைச் சேர்த்து வைக்கும் ஆர்வம் அந்தக் குடும்பத்துக்கு இருந்தது என்ற அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நோவா காலத்து வெள்ளத்துக்கு உரில் சான்று உண்டா?

வெள்ளத்துக்கு உண்டு, நோவாவுக்கு இல்லை. கல்லறைக்குக் கீழே ஆழமாக இறக்கிய குழியில், மனிதச் சுவடே இல்லாத வண்டல் மூன்று மீட்டருக்கும் மேலாக இருந்தது; அதற்கும் கீழே மறுபடி உபைத் காலப் பானை ஓடுகள். உலகமே கொண்டாடிய செய்தி. ஆனால் பக்கத்திலிருக்கும் எரிது நகரத்தில் அப்படி ஒரு படிவு இல்லை. மற்ற நகரங்களில் கிடைத்த வண்டல் வேறு வேறு காலத்தவை. ஆறு பலமுறை பெருகியிருக்கிறது, அவ்வளவே.

ஆபிரகாம் வீடு?

விவிலியம் சொல்லும் ஆபிரகாமின் ஊர் இதுவே என்ற நம்பிக்கையில் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டப்படும் வீடு பழைய அடித்தளத்தின்மேல் 1990-களில் எழுப்பியது. ஆபிரகாமோடு அதை இணைக்கும் தொல்லியல் சான்று எதுவும் இல்லை. நம்பிக்கையின் பொருட்டு வருபவர்களுக்கு அந்த இடம் புனிதமானது. 2021 மார்ச்சில் போப் பிரான்சிஸ் அங்கே வந்து சமயங்கள் கடந்த வழிபாட்டில் கலந்துகொண்டார்.

நகரம் ஏன் கைவிடப்பட்டது?

கி.மு. 2004-ஐ ஒட்டி, இன்றைய தென்மேற்கு ஈரானில் இருந்த ஏலாமியர் நகரத்தைச் சூறையாடி, அரசன் இப்பி-சினைச் சிறைபிடித்துப் போனார்கள். அந்த அழிவைப் பாடும் நீண்ட ஒப்பாரி சுமேரியத்தில் இருக்கிறது. ஆனால் நகரம் அத்தோடு முடியவில்லை. ஏஆ-நாசிர் எல்லாம் அதற்குப் பின் வந்தவர். முடித்து வைத்தது ஆறு. யூப்ரடீஸ் தடம் மாறி விலகியதும் வாய்க்கால் வற்றியது, வயல் உப்புப் பூத்தது, படகு வரவில்லை.

கிடைத்த பொருட்கள் எப்படிப் பல நாடுகளுக்குப் பிரிந்தன?

1924-இல் ஈராக்கில் தொல்பொருள் சட்டம் வந்தது. தொல்லியல் துறையைக் கவனித்த ஜெர்ட்ரூட் பெல், 1926-இல் இறக்கும்வரை, பருவ முடிவில் வந்து பங்கு பிரிப்பார்: ஏறக்குறையப் பாதி பாக்தாதுக்கு, மீதி லண்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும். ஒருமுறை ஒரு தங்கப் பொருளுக்கு ரூபாய் நாணயத்தைச் சுண்டித்தான் முடிவு செய்தார்கள். அப்போது ஈராக்கில் நம் ரூபாய்தான் புழங்கியது. அன்றைய வழக்கம் அது என்றாலும், ஒரே குழியில் கிடந்தவை மூன்று கண்டங்களில் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

போர்களில் சேதம் ஏற்பட்டதா?

பக்கத்திலேயே விமானப்படைத் தளம் இருப்பதால் தப்பவில்லை. 1991 போரில் சிகுராத்தின் சுவரில் நூற்றுக்கணக்கான குண்டுத் துளைகள் விழுந்தன. 2003-க்குப் பிறகு உர் அமெரிக்கத் தளத்தின் எல்லைக்குள் அடைபட்டுக் கிடந்து, 2009-இல் ஈராக்கிடம் திரும்பியது. அந்த வேலிக்குள் இருந்ததால், மற்ற சுமேரிய நகரங்களைக் குதறிய திருட்டுத் தோண்டல் இங்கே நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2016-இல் யுனெஸ்கோ, தெற்கு ஈராக்கின் சதுப்பு நிலங்களோடும் உருக், எரிது நகரங்களோடும் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் இதைச் சேர்த்தது.

இப்போதும் தோண்டுகிறார்களா? எங்கே பார்க்கலாம்?

2015-இல் எலிசபெத் ஸ்டோன், பால் ஜிமான்ஸ்கி குழு மறுபடி தொடங்கியது. பிறகு மூனிக் பல்கலைக்கழகக் குழு ஒன்றும் குடியிருப்புப் பகுதியில் வேலை செய்தது. இப்போதைய தேடல் தங்கத்துக்கு இல்லை. வீட்டுத் தரையில் கிடக்கும் விதை, எலும்பு, களிமண் பலகைக்குத்தான். நசிரியாவிலிருந்து இடத்துக்கே போகலாம், அனுமதி நிலவரத்தை மட்டும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். பொருட்களைப் பார்க்க லண்டன், பிலடெல்பியா, பாக்தாது மூன்று ஊர் அருங்காட்சியகங்களும் உண்டு. எதற்கும் வழியில்லை என்றால், பிரிந்துபோன பொருட்களையும் வூலியின் களக்குறிப்பு அட்டைகளையும் ஒன்றாகச் சேர்த்து வைத்திருக்கும் இணையதளம் இருக்கிறது, 'உர் ஆன்லைன்' என்று பெயர். இலவசம்தான். குழி எண் 1237 என்று போட்டுத் தேட ஆரம்பியுங்கள்.